வக்கீல் வழக்கே போடவில்லை, கெடு முடிந்துவிட்டது: என் பணத்தை யாரிடம் கேட்பது?

வாசகருக்கு வயது 58. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஏழு பக்கக் கடிதத்தை, ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

2022 ஏப்ரலில், கணவருடைய பணிக்கொடைப் பணத்திலிருந்து 6 லட்சம் ரூபாயைக் கணவரின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் காசோலையாகக் கொடுத்திருக்கிறார். சொந்தம் என்பதால் வட்டி பேசவில்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோநோட் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார். 2023 நவம்பர் 10-ஆம் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அவர் 30,000 ரூபாயை ஜி-பேயில் அனுப்பினார். பிறகு எதுவும் வரவில்லை. 2024 நவம்பரில் வாசகர் தன் தம்பியின் பள்ளித் தோழரான ஒரு வக்கீலிடம் போனார். கோர்ட் கட்டணம் என்று 45,000, ஃபீஸ் என்று 15,000 கேட்டு வாங்கிய வக்கீல், வக்காலத்தில் கையெழுத்தும் அசல் புரோநோட்டும் வாங்கிக்கொண்டார். "அக்கா, கேஸ் நம்பர் ஆயிடுச்சு, நோட்டீஸ் போயிருக்கு" என்று ஒரு வழக்கு எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

2025 டிசம்பரில் மகள் அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்த்தால், அது யாரோ இருவருக்கு இடையிலான வரப்புத் தகராறு. வக்கீலிடம் கேட்டதற்கு முதலில் "டைப்பிங் மிஸ்டேக்" என்றார், பிறகு போனை எடுப்பதில்லை. இப்போது தம்பி மூலமாக ஒரு தூது: 20,000 ரூபாய் தருகிறாராம், "கணக்குத் தீர்ந்தது, எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர். லண்டனில் இருக்கும் மருமகன், வக்கீலால் பணம் இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்கவே அங்கு ஒரு நிதி இருப்பதாகச் சொல்கிறார். "பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் என் 6 லட்சத்தை வாங்கித் தருவார்களா? வக்கீல் செய்த தப்புக்காக கோர்ட் காலதாமதத்தை மன்னிக்காதா?" என்று கேட்கிறார் வாசகர்.

அம்மா,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் வக்கீலைப் பற்றியது அல்ல. மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "தீபாவளிக்கு 30,000 போட்டுவிட்டு, 'மீதி 5.70 தை பிறந்ததும் தந்துடறேன் அண்ணி' என்று மெசேஜ் அனுப்பினார். அதோடு சரி." அந்த ஒற்றை மெசேஜில்தான் உங்கள் பணம் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். வக்கீல்மேல் உள்ள கோபத்தில் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். அதனால் வக்கீலைப் பிறகு பார்ப்போம். முதலில் கடனைப் பார்ப்போம்.

கடன் நிஜமாகவே காலாவதி ஆகிவிட்டதா?

கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில் 2025 ஏப்ரலோடு உங்கள் கெடு முடிந்தது. உங்களிடம் யாரோ சொன்னதும் இதைத்தான். ஆனால் 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் 18, 19 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. கெடு முடிவதற்குள் கடன்காரர் "ஆமாம், கடன் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். கொஞ்சம் பணம் கட்டி, கட்டியதற்கு அவர் கையால் எழுதிய அல்லது அவர் கையெழுத்துள்ள பதிவு இருந்தாலும் அப்படியே. புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கும் பழைய வழக்கம் இதற்காகத்தான் வந்தது.

உங்கள் கொழுந்தனார் நோட்டின் பின்னால் எழுதவில்லை, போனில் எழுதியிருக்கிறார். வாட்ஸ்அப் செய்தி "கையெழுத்திட்ட எழுத்து" ஆகுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் சண்டை போடுவார். அது எளிதாக வெல்லும் வாதம் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் மின்னணுப் பதிவுகளைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகரிக்கிறது. அவர் எண்ணிலிருந்து வந்த செய்தி, அதே நாளில் அவர் கணக்கிலிருந்து வந்த பணம், செய்தியிலேயே மீதித் தொகை. மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. இது ஏற்கப்பட்டால் உங்கள் கெடு 2026 நவம்பர் 10 வரை நீள்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அந்தப் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், "இடம் பத்தவில்லை" என்று பேரக்குழந்தை எதையும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சான்றை கோர்ட்டில் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். புது வக்கீலுக்கு அது தெரிந்திருக்கும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். வழக்கு "போடவே இல்லை" என்பது எவ்வளவு நிச்சயம்? நம் கோர்ட்டுகளில் பிராதை (வழக்கு மனுவை) தாக்கல் செய்தால் முதலில் எஸ்.ஆர். எண் என்ற தற்காலிக எண்தான் கிடைக்கும். குறை இருந்தால் திருப்பிவிடுவார்கள். திருத்திக் கொடுக்காமல் வக்கீல் அலுவலக அலமாரியிலேயே தூங்கும் வழக்குக் கட்டுகள் ஏராளம். எண் வாங்காத வழக்கு செயலியில் உங்கள் கண்ணில் படாமல் போகலாம். கோர்ட்டின் தாக்கல் பிரிவில் உங்கள் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். 2025 ஏப்ரலுக்குள் ஒரு முறையாவது தாக்கலாகித் திருப்பப்பட்டிருந்தால், மறுபடி தாக்கல் செய்வதில் ஏற்பட்ட தாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட வழி உண்டு. அது முற்றிலும் வேறு கதை.

தாக்கலே ஆகவில்லை என்றால், "வக்கீல் செய்த தப்பை கோர்ட் மன்னிக்காதா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் கசப்பானது. தாமதத்தை மன்னிக்கும், காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான் பொருந்தும். புதிதாகப் போடும் வழக்குக்குப் பொருந்தாது. வக்கீல் வராததால் கட்சிக்காரர் தண்டிக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1981-இல் சொன்னது உண்மை. ஆனால் அங்கே நடப்பில் ஒரு மேல்முறையீடு இருந்தது, வக்கீல் ஆஜராகாததால் தள்ளுபடி ஆனது. உங்களுக்கோ உயிர்ப்பிக்க வழக்கே இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, பலர் மறந்துபோவது. காலாவதியான கடனைத் தருவதாகக் கடன்காரர் எழுத்தில் வாக்களித்துக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி அது புது ஒப்பந்தம். சொந்தக்காரர், கல்யாணம் காதுகுத்தில் முகம் பார்க்க வேண்டியவர். பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசி, பழைய நோட்டின் தேதியையும் பாக்கித் தொகையையும் குறிப்பிட்டு "இதைத் தருகிறேன்" என்று புதிதாக எழுதி வாங்க முடிந்தால், இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் பாதித் தலைவலி உங்களுக்கு வேண்டாம்.

வக்கீலிடம் கேட்க வேண்டியது இரண்டு தனித்தனிப் பணம்

நீங்கள் எல்லாவற்றையும் கூட்டி "6 லட்சத்து 60 ஆயிரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிக் கூட்டாதீர்கள்.

முதல் பணம், அவர் கையில் நீங்கள் கொடுத்த 60,000. அதிலும் 45,000 கோர்ட் கட்டணத்துக்கென்றே கொடுத்தது. தமிழ்நாட்டில் பண வழக்குகளுக்கான கோர்ட் கட்டணம் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உங்கள் 5,70,000-க்கு 17,100 ரூபாய் போதும். முழு 6 லட்சத்துக்கே என்றாலும் 18,000-தான். 45,000 என்பது 6 லட்சத்தில் சரியாக ஏழரை சதவீதம், அதாவது என்றோ ஒழிந்துபோன கணக்கு. அவருக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாரா என்பதை நான் சொல்ல முடியாது. கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும், எந்த நோக்கத்துக்கு வாங்கினோம் என்று பதிய வேண்டும், கேட்டால் கணக்கு நகல் தர வேண்டும் என்று, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளே சொல்கின்றன. இந்தப் பணத்தைத் திரும்பக் கேட்பதில் உங்கள் நிலை மிக வலுவானது. 45,000 ஜி-பேயில் போயிருப்பதும் நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது பணம், அவருடைய அலட்சியத்தால் போன 5,70,000. இதையும் கேட்கலாம். வக்கீல் என்ற ஒரே காரணத்துக்காக, கவனக்குறைவால் விளைந்த நட்டத்துக்கு வழக்குத் தொடரப்படுவதிலிருந்து யாரும் தப்ப முடியாது என்று 1926-ஆம் ஆண்டின் வழக்குரைஞர் கட்டணச் சட்டம் 5-ஆம் பிரிவில் சொல்கிறது. நூறு வருடப் பழைய சட்டம், அதிகம் பேர் தூசி தட்டுவதில்லை.

ஆனால் இங்கே ஒரு வழக்குக்குள் இன்னொரு வழக்கு இருக்கிறது. வக்கீல் தவறினார் என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அவர் ஒழுங்காக வழக்குப் போட்டிருந்தால் நீங்கள் ஜெயித்திருப்பீர்கள், ஜெயித்த பிறகு கடன்காரரிடமிருந்து பணம் வசூலாகியும் இருக்கும் என்று காட்ட வேண்டும். கையில் காசில்லாதவர்மேல் வாங்கிய டிகிரி (தீர்ப்பாணை) வெறும் காகிதம்தானே என்பார் எதிர்த்தரப்பு. உங்களுக்குச் சாதகங்கள் இருக்கின்றன. பணம் காசோலையில் போயிருக்கிறது, நோட் இருக்கிறது, கொஞ்சம் திருப்பியும் கொடுத்திருக்கிறார், சொந்த வீடு இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்கு ஒரு வில்லங்கச் சான்று போட்டு எடுத்து வையுங்கள்.

தவறான ஆலோசனை சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. சட்டத்தை நல்லெண்ணத்தோடு தப்பாகப் புரிந்துகொண்ட வக்கீலை கோர்ட்டுகள் பொதுவாகத் தண்டிப்பதில்லை. வழக்கே போடாமல் "போட்டாச்சு" என்று சொல்வதும், ஊரார் வழக்கு எண்ணை அனுப்புவதும் அந்தக் கணக்கில் வராது.

இப்போது முன்பு சொன்ன நவம்பர் 10-க்குத் திரும்பி வாருங்கள். அந்தத் தேதிக்குள் கொழுந்தனார்மேல் வழக்குப் போடாமல், "வக்கீல்தானே கெடுத்தார், அவரே கொடுக்கட்டும்" என்று இருந்தால், வக்கீல் தரப்பு உங்கள் மெசேஜையே உங்களுக்கு எதிராகக் காட்டும்: "கெடு இன்னும் இருந்தது, இவர்தான் போடவில்லை." நட்டத்தைக் குறைக்கக் கையில் இருந்த வழியைப் பயன்படுத்தினாரா என்று கோர்ட் பார்க்கும். அதே வழக்கைப் போட்டு, காலாவதி என்று அது தள்ளுபடி ஆனாலோ, உங்கள் நட்டத்துக்கு அந்தத் தீர்ப்பே ஆதாரம்.

நுகர்வோர் கோர்ட், பார் கவுன்சில், போலீஸ்

ஆசிரியர் சொன்னது ஒரு காலத்தில் சரி. வக்கீல் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-இல் சொல்லியிருந்தது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார் செல்லாது. அங்கே போனால் மாதங்கள்தான் வீணாகும்.

மருமகன் சொன்னதும் இங்கிலாந்தில் சரி. அங்கே சொலிசிட்டர்களுக்குத் தொழில் காப்பீடு கட்டாயம், தனியாக இழப்பீட்டு நிதியும் இருக்கிறது. இங்கே இரண்டும் இல்லை. வழக்கறிஞர் சேமநல நிதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வக்கீல்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உள்ளது, கட்சிக்காரருக்கு அல்ல. சக வக்கீலாக எனக்கு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பார் கவுன்சில் உங்கள் 6 லட்சத்தை வாங்கித் தராது. வக்கீல்கள் சட்டம் 35-ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரைக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்தே பெயரை நீக்கலாம். இழப்பீடு நிர்ணயிப்பது அதன் வேலை இல்லை. ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். ஆனாலும் புகார் கொடுங்கள் என்பேன். 1970-களில் சென்னை வக்கீல் ஒருவர், காது கேளாத முதியவர் ஒருவரிடம் புரோநோட் வழக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு, போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்லி வந்தார். உங்கள் கதைதான், அச்சு அசல். தமிழ்நாடு பார் கவுன்சில் ஆறு ஆண்டு தடை விதித்தது, இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ண ஐயர், ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பில் வேலை செய்து கழிக்கும்படி அதை மாற்றி அமைத்தார். தொழில் போய்விடும் என்ற பயம் வரும்போது, போன் எடுக்காதவர்கள் தாங்களே கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: சமரசமாகிவிட்டது என்பதற்காக மட்டும் பார் கவுன்சில் புகாரைக் கைவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. "பணம் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று பேரம் பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

போலீஸைப் பொறுத்தவரை, வெறும் அலட்சியம் குற்றம் ஆகாது. ஒரு காரியத்துக்கென்று நம்பிக் கொடுத்த 45,000-ஐ அதற்குச் செலவிடாமல் எடுத்துக்கொண்டது நம்பிக்கை மோசடி ஆகலாம். 2024 ஜூலைக்குப் பிறகு நடந்ததால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு வரும். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவைக்க வாய்ப்பு அதிகம். நான் இதைக் கடைசிக் கையிருப்பாகத்தான் வைத்திருப்பேன்.

உண்மையில் பணம் வர வேண்டிய இடம் சிவில் கோர்ட். அதற்குச் செலவு என்று மலைக்காதீர்கள். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் பெற உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்குக்கு முன்பே வக்கீலையும் கொழுந்தனாரையும் அங்கே கூப்பிட்டுப் பேச வைக்கவும் முடியும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிவானால் அது டிகிரிக்குச் சமம்.

இந்த முறை கெடுவைத் தவற விடாதீர்கள்

வக்கீல்மேல் போடும் வழக்குக்கும் பொதுவாக மூன்று ஆண்டுதான். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று வாதாடலாம், அவர் ஏமாற்றியதால் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணச் சொல்லவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்காராதீர்கள். பணம் கொடுத்த நாளிலிருந்தே எண்ணி, 2027 நவம்பருக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். பார் கவுன்சிலில் புகார் நடக்கிறதே என்று காத்திருந்தால் இந்தக் கடிகாரம் நிற்காது.

இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு வக்கீலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், மூன்றே வரி: அசல் புரோநோட்டையும் வழக்குக் கட்டையும் திருப்பித் தாருங்கள், 60,000-க்குக் கணக்குத் தாருங்கள், தாக்கல் செய்திருந்தால் எஸ்.ஆர். எண்ணையும் தேதியையும் தெரிவியுங்கள். ஃபீஸ் பாக்கி என்று காரணம் சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்த்திருக்கிறது. உங்களுக்கோ பாக்கியே இல்லை. புது வக்கீலைப் பார்க்கப் பழையவரின் "ஆட்சேபம் இல்லை" கடிதம் வேண்டுமே என்று தயங்கியிருக்கிறீர்கள். வக்காலத்து கோர்ட்டில் தாக்கலாகியிருந்தால்தான் அந்தக் கேள்வியே.

தம்பியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "என் ஃபிரெண்டுக்கா, நீ பேசாம விடு" என்கிறாராம். அவர்மேல் கோபப்படாதீர்கள். வக்கீலிடம் பணம் கொடுத்தபோது அவரும் உடன் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ரொக்கமாகப் போன அந்த 15,000-க்கு உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அவர்தான்.

கடைசியாக அந்த 20,000. வாங்கலாம், ஆனால் அவர் எழுதி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரசீது கேட்டால் நீங்களே எழுதுங்கள்: "2024 நவம்பரில் நான் கொடுத்த 60,000 ரூபாயில் ஒரு பகுதியாக 20,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன். மீதி 40,000 பாக்கி. என் மற்ற உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை." இந்த வாசகத்துக்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்த 20,000 அவரிடமே இருக்கட்டும்.